ஆன்-இயர் வயர்லெஸ் ஹெட்ஃபோன்: ஒரே செட், இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கேட்கிறது. எப்படி மதிப்பிடுவது?

செவிச்செல்வம்:

வணக்கம் நண்பர்களே. மதிப்பீடு எழுதுவதற்காக ஒரு வயர்லெஸ் ஆன்-இயர் ஹெட்ஃபோன் கைக்கு வந்திருக்கிறது. மடங்கும் வகை. நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தை மைக் வைத்து ரத்துசெய்யும் வசதி) கிடையாது. கோடெக், அதாவது ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, எஸ்பிசி, ஏஏசி இரண்டு மட்டும். சார்ஜிங்குக்கு யூஎஸ்பி-சி உண்டு, 3.5 மி.மீ. துளை இல்லை. மாடல் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு பிராண்டு பக்கம் போய்விடும். எனக்கு வேண்டியது மதிப்பிடும் முறை.

சிக்கல் இதுதான். என் காதில் பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) நிறைவாக, சொல்லப்போனால் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. அக்காவிடம் கொடுத்தேன். “அடிச்சத்தமே இல்லையே, வெறும் சிஸ் சிஸ்னுதான் கேட்குது” என்றார். அதே ஃபோன், அதே பாட்டு, அதே வால்யூம். அக்கா கண்ணாடி போடுவார், தோடும் பெரியது. எனக்கு இரண்டும் இல்லை.

இப்போது நான் என்ன எழுதுவது? ‘பேஸ் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினால் அக்கா மாதிரி ஆட்களுக்கு அது பொய். ‘பேஸ் இல்லை’ என்றால் எனக்குப் பொய். ‘ஆளுக்கு ஆள் மாறும்’ என்று முடித்துவிட்டால் படிப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆன்-இயரை எப்படிச் சோதித்தால் இன்னொருவருக்குப் பயன்படும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மத்தளம்:

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஓவர்-இயரில் குஷன் காதைச் சுற்றித் தலையின் மேல் உட்காரும். ஆன்-இயரில் காது மடலின் மேலேயே உட்காரும். மடல் முழுக்க மேடும் பள்ளமும். குஷனுக்கும் மடலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியாகக் கசிந்துவிடும். மேல் ஸ்தாயி அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அக்காவுக்குக் கேட்ட ‘சிஸ் சிஸ்’ அதுதான்.

பாட்டுப் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மிருதங்கம் தனியாக ஒலிக்கும் நல்ல பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியில் (மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கம்) விழும் ‘தொம்’ கவனத்தில் இருக்கட்டும். இரண்டு உள்ளங்கையாலும் கப்பை மெதுவாகக் காதோடு சேர்த்து அழுத்துங்கள். ‘தொம்’ சட்டென்று பருத்தால் இவ்வளவு நேரம் கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். பெரிய மாற்றம் இல்லையென்றால் குஷன் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வலந்தலையில் (மறுபக்கம்) விழும் ‘நம்’ இரண்டு நிலையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒரே வாத்தியத்திலேயே கீழும் மேலும் கிடைப்பதால் ஒப்பிட வசதி.

மிருதங்கம் பழக்கமில்லாதவர்கள் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 50 ஹெர்ட்ஸ் வைத்து அதையே செய்யலாம். ஆனால் வால்யூமைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாக்மேன்_காலம்:

அருமையான சோதனை மத்தளம் சார். இப்போதே செய்து பார்த்தேன். இடது காதில் மாற்றம் இல்லை, வலதில் நன்றாகப் பருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்காரும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

மத்தளம்:

பலருக்கும் அப்படித்தான். இரண்டு மடலும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. வலது கப்பை மட்டும் ஒரு படி கீழே இறக்கிப் பாருங்கள்.

ஒலிமானி:

நான் செவித்திறன் சோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் எங்கள் கூடத்தில் நெடுங்காலமாகப் புழங்குவதே ஆன்-இயர்தான். டிடிஎச்-39 என்கிற மாடலை நிறையப் பேர் காதில் மாட்டியிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

அந்தக் கருவிக்கு ஹெட்பேண்ட் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கே தர அளவு உண்டு: 4.5 நியூட்டன், அரை நியூட்டன் கூடலாம் குறையலாம். ஐஎஸ்ஓ 389-1 என்ற தர ஆவணத்தில் இருக்கிறது. காரணம், அழுத்தம் மாறினால் காதுக்குள் போய்ச்சேரும் ஒலியின் அளவே மாறிவிடும். அதனால் வருபவர் கையில் ஹெட்ஃபோனைக் கொடுத்து ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட மாட்டோம். கண்ணாடி, தோடு இரண்டையும் கழற்றச் சொல்வோம், காதோரத்து முடியை ஒதுக்குவோம், டயாஃப்ரத்தின் (ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக வருகிற மாதிரி நாங்களே மாட்டிவிடுவோம். இவ்வளவு செய்தும், மறுபடி சோதிக்கும்போது 5 டெசிபல் முன்னே பின்னே வருவதை இயல்பாகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

செவிச்செல்வம், உங்கள் மதிப்பீட்டில் இந்த விவரங்கள் இருந்தாக வேண்டும்: கண்ணாடியோடு கேட்டேனா, தோடு இருந்ததா, முடி இடையில் வந்ததா. இவை இல்லாமல் ‘பேஸ் குறைவு’ என்பதற்கு மதிப்பே கிடையாது.

இன்னொன்றும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, காதுக் குழாயின் வெளிப்பகுதி தளர்வாக இருக்கும். ஆன்-இயர் குஷன் மடலை அழுத்தும்போது குழாயின் வாய் ஒடுங்கிவிடும். அப்படி ஆனால் மேல் ஸ்தாயி மங்கும். இல்லாத கேள்விக்குறைபாடு சோதனையில் இருப்பதாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். ஆகவே ஒரு பெரியவர் ‘இந்த ஹெட்ஃபோனில் பேச்சு தெளிவாக இல்லை’ என்றால் டியூனிங்கை (செட்டுக்கு வைத்திருக்கும் ஒலிச் சமநிலையை) குறை சொல்லும் முன் அழுத்தத்தைப் பாருங்கள். ஹெட்பேண்டைக் கையால் லேசாக விரித்துப் பிடித்ததும் தெளிவு வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

செவிச்செல்வம்:

இதை எந்த ரிவியூவிலும் படித்ததில்லை. மிக்க நன்றி. அக்காவைத் தோட்டைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொல்கிறேன்.

கோடெக்_குமரன்:

எல்லாம் சரி, ஆனால் எஸ்பிசி, ஏஏசி மட்டும் உள்ள செட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? எல்டாக் கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகிறது, ஆப்ட்எக்ஸ் ஹெச்டி 576. மதிப்பீட்டின் முதல் வரியே கோடெக்காகத்தான் இருக்க வேண்டும்.

அலைக்கோடு:

குமரன், உடன்பட முடியவில்லை. எஸ்பிசி என்றாலே மட்டம் என்ற எண்ணம் அந்தக் காலத்துக் குறைந்த பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) செட்களிலிருந்து வந்தது. உயர்தர அமைப்பில் அது 328 கிலோபிட் வரை போகும். அந்த நிலையில் எஸ்பிசிக்கும் எல்டாக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அமைதியான அறையும் பழகிய காதும் வேண்டும். கப்பை ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளினால் வரும் வித்தியாசத்தை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

எல்டாக் எப்போதும் 990-இல் ஓடுவதும் இல்லை. 990, 660, 330 என்று மூன்று படி. சிக்னல் நெரிசலான இடத்தில் கீழே இறங்கிவிடும். ஐஃபோன் வைத்திருப்பவருக்கு எல்டாக்கும் இல்லை, ஆப்ட்எக்ஸும் இல்லை, ஏஏசியும் எஸ்பிசியும்தான். கோடெக்கை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வரியில் வேண்டாம்.

கோடெக்_குமரன்:

ஆண்ட்ராய்டில் ஏஏசி ஃபோனுக்கு ஃபோன் தரம் மாறும். அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

அலைக்கோடு:

நிச்சயமாக. அதனால்தான் எந்த ஃபோனில், எந்த கோடெக்கில் கேட்டோம் என்று எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸில் போய் இணைப்பு எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

வாக்மேன்_காலம்:

அலைக்கோடு, நீங்கள் கிராஃப் (எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் கோடு) எடுப்பவர் என்று நினைக்கிறேன். செவிச்செல்வம் இவ்வளவு கஷ்டப்படாமல் யாராவது அளந்த கிராஃபை எடுத்துப் போட்டுவிடலாமே?

அலைக்கோடு:

போடலாம், ஆனால் ஆன்-இயருக்குக் கிராஃபை நம்புவதில் ஒரு எல்லை உண்டு. செயற்கைத் தலையின் காதில் மாட்டி அளக்கிறோம். அந்த ரப்பர் மடலுக்குக் கண்ணாடியும் இல்லை, முடியும் இல்லை. ஓவர்-இயரைக் கழற்றி மறுபடி மாட்டினால் கோடு பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். ஆன்-இயரை மறுபடி மாட்டினால் பேஸ் பகுதியில் கோடு தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நேர்மையாக அளப்பவர்கள் பல முறை மாட்டி எடுத்து எல்லாக் கோட்டையும் சேர்த்தே காட்டுவார்கள். ஒரே ஒரு கோடு இருந்தால் நான் மேல் ஸ்தாயியை மட்டும் பார்ப்பேன், அதுவும் சந்தேகத்தோடு.

ஹார்மன் கோட்டோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்மன் நிறுவனத்தின் ஒலி ஆய்வாளர்கள் ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகள் வழியாக வந்தது அது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த டியூனிங் பிடிக்கிறது என்பதற்கு நல்ல வழிகாட்டி. ஓவர்-இயருக்கு ஒன்று, இன்-இயருக்கு ஒன்று என்று கோடு இருக்கிறது. ஆன்-இயரை ஓவர்-இயர் கோட்டோடுதான் ஒப்பிடுகிறோம். டியூனிங் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இரவுப்பணி:

நான் கேட்க வந்தது வேறு. பஸ்ஸில், ரயிலில் இந்த வகை எப்படி? எனக்குப் பாட்டு கேட்கும் நேரமே அதுதான்.

ஒலிமானி:

இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பீட்டில் அதிக இடம் தர வேண்டும் என்பேன். நாய்ஸ் கேன்சலிங் இல்லாத ஆன்-இயர் எஞ்சின் உறுமலை அநேகமாகத் தடுப்பதே இல்லை. மூடிய கப்பாக இருந்தாலும் குறைந்த அதிர்வெண் ஓசை கசிவு வழியாக உள்ளே வந்துவிடும். பேச்சுச்சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விளைவு என்ன? உறுமலுக்கு மேலே பாட்டைக் கேட்க வால்யூமை ஏற்றுவோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிவிடும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. தினமும் பயணத்தில் வால்யூமை ஏற்றிக் கேட்பவருக்கு அந்த 5 மணி ஒரு வாரத்தில் எளிதாகத் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கு எல்லை இன்னும் கீழே, 75 டெசிபல்.

செவிச்செல்வம், ஒரு எளிய அளவு சொல்கிறேன். அமைதியான அறையில் உங்களுக்குப் போதுமான வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பஸ்ஸில் அதே பாட்டுக்கு எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த ஏற்றம்தான் இந்த ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு உங்கள் சொந்தச் சான்று. ஐஃபோனிலும் சில ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் கேட்கும் அளவை டெசிபலில் காட்டும் வசதி இருக்கிறது. தோராயம்தான், ஆனாலும் ஒப்பிடப் பயன்படும்.

இரவுப்பணி:

அப்போது நாய்ஸ் கேன்சலிங் உள்ள ஆன்-இயர் எடுத்தால் தீருமா? ஜேபிஎல் ட்யூன் 670என்சி மாதிரி இருக்கிறதே.

அலைக்கோடு:

உதவும். நாய்ஸ் கேன்சலிங் நன்றாக வேலை செய்வதே சுமார் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான், அதாவது எஞ்சின் உறுமும் பகுதியில். ஆனால் அதுவும் குஷன் உட்காருவதை நம்பித்தான் நிற்கிறது. கசிவு இருந்தால் உள் மைக்குக்கும் காதுக்கும் கேட்பது மாறி, ரத்தாகும் அளவு குறையும். உங்கள் காதில் ‘தொம்’ சோதனை தேறினால் எடுங்கள். தேறாவிட்டால் ஓவர்-இயர் பக்கம் போய்விடுங்கள்.

மத்தளம்:

செவிச்செல்வத்துக்கு இன்னொரு விஷயம். மற்ற செட்டோடு ஒப்பிடும்போது வால்யூமைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் ‘தெளிவு’, ‘உயிரோட்டம்’ என்று காது சொல்லிவிடும். வயர்லெஸ் செட் ஒவ்வொன்றுக்கும் உள் ஆம்ப் வேறு, ஃபோனில் பாதி வால்யூம் என்பது இரண்டிலும் ஒன்றல்ல. சன்னமாகக் கேட்டால் பேஸ் குறைந்து தோன்றுவதும் காதின் இயல்பு. எனவே வழக்கமாக எவ்வளவு சத்தத்தில் கேட்பீர்களோ அதே அளவில் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாட்டுகளையும் ஐந்தாறுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். தம்புரா சுருதி தெளிவாக ஒலிக்கும் ஒரு பதிவு, பெண் குரல் ஒன்று, நாதஸ்வரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. நாதஸ்வரம் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை ஹெட்ஃபோன் துருத்துகிறதா என்று உடனே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் மேடு, அதாவது ஒலி தூக்கலாக, இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே காது கூசும். தம்புராவில் தந்தி அதிரும்போது மேலே மினுங்கும் இழைகள் வரிசையாகக் கேட்க வேண்டும். ட்ரெபிள் (மேல் ஸ்தாயி) இறங்கிப்போன செட்டில் அந்த மினுக்கம் போய், ஒற்றை ரீங்காரம் மட்டும் மிஞ்சும்.

கோடெக்_குமரன்:

ஆப்பில் ஈக்யூ (ஸ்தாயி வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) இருக்கிறதே. மேடு இருந்தால் இறக்கிவிட்டுத்தானே கேட்பார்கள்? ஈக்யூ போட்ட பிறகு கிடைக்கும் ஒலியைத்தான் மதிப்பிட வேண்டும்.

மத்தளம்:

பெட்டியைத் திறந்து அப்படியே கேட்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். முதல் தீர்ப்பு ஈக்யூ இல்லாமல்தான். அப்புறம் ஈக்யூவில் எவ்வளவு சரியாகிறது என்று தனியாக எழுதலாம்.

அலைக்கோடு:

நான் குமரன் கட்சி. ஆப்பும் அந்தப் பொருளின் பகுதிதான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நாதஸ்வரம் குத்துகிற மேட்டை ஈக்யூவில் இறக்கலாம், கசிவால் போன பேஸை ஈக்யூவில் மீட்க முடியாது. இன்றைக்கு ஏற்றி வைத்தால், நாளை குஷன் சரியாக உட்காரும்போது அதே பேஸ் காதை அடைக்கும்.

வாக்மேன்_காலம்:

வலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆன்-இயரில் எனக்கு முதல் பிரச்சினை அதுதான். கண்ணாடியின் காம்புக்கும் குஷனுக்கும் நடுவில் மடல் மாட்டிக்கொள்ளும். முதல் அரை மணி ஒன்றும் தெரியாது. அப்புறம் மடலின் மேல் விளிம்பில் சூடு பரவி, கழற்றிய பிறகும் வலி நிற்கும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. மதிப்பீடு எழுதுபவர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும்.

எடையும் பாருங்கள். சோனி டபிள்யூஹெச்-சிஹெச்520 147 கிராம், பீட்ஸ் சோலோ 4 217 கிராம். ஆனால் எடை குறைந்தது என்றாலே சுகம் என்று இல்லை, இறுக்கம்தான் முக்கியம். காஸ் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்த வயர் செட். காதுக்கு மேலே பொட்டில் படுகிற சின்ன நுரைத் துண்டு வைத்து, அழுத்தத்தின் ஒரு பங்கை அங்கே மாற்றிவிட்டார்கள், அதைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தியும் கொடுத்தார்கள். இன்றைய வயர்லெஸ் ஆன்-இயர்களில் அதைப் பின்பற்றியவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

இரவுப்பணி:

புது செட் இறுக்கம் நாள்பட்டால் குறையுமா?

வாக்மேன்_காலம்:

ஓரளவு குறையும். குஷனும் மிருதுவாகும். அதனால் வாங்கிய அன்று கேட்டதற்கும் சில வாரம் கழித்துக் கேட்பதற்கும் பேஸில் வித்தியாசம் தெரியலாம். குஷன் மடலுக்கு ஏற்ப அமைவதுதான் அதில் பெரும்பங்கு. குஷனைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்றும் பார்க்க வேண்டும். செயற்கைத் தோல் வியர்வையில் உரிய ஆரம்பித்தால் கசிவு கூடும், ஒலி மாறும். மாற்றுக் குஷன் கிடைக்காத செட்டுக்கு அதோடு ஆயுள் முடிந்தது.

மத்தளம்:

பேட்டரி பற்றி ஒரே வரி. சிஹெச்520-க்கு 50 மணி, ஜேபிஎல் ட்யூன் 520பிடிக்கு 57 மணி, மார்ஷல் மேஜர் 5-க்கு 100 மணிக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். இந்த வகையில் பேட்டரி இப்போது கவலையே இல்லை, அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

இரவுப்பணி:

கால் பேசுவதற்கு? எங்கள் மீட்டிங் எல்லாம் லேப்டாப்பில்தான். மீட்டிங் தொடங்கியதும் பாட்டு, குரல் எல்லாம் டெலிஃபோன் மாதிரி ஆகிவிடுகிறது. ரிப்பேரா?

அலைக்கோடு:

ரிப்பேர் இல்லை. கிளாசிக் ப்ளூடூத்தில் நல்ல ஸ்டீரியோவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. மைக் திறந்ததும் இணைப்பு கால் பேசும் முறைக்கு மாறிவிடும். அங்கே சாம்ப்ளிங் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எடுப்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ், ஒலியும் மோனோ. லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஹெட்ஃபோனைக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் ஸ்டீரியோ தரம் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் எல்இ ஆடியோ (ப்ளூடூத்தின் புதிய ஒலி முறை) இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். செவிச்செல்வத்தின் செட்டில் அது இல்லை போலிருக்கிறது.

கேம் ஆடுபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: எஸ்பிசியில் தாமதம் சுமார் 200 மில்லிசெகண்ட். வீடியோ ஆப்கள் படத்தைத் தாமதித்து உதடும் குரலும் பொருந்தும்படி செய்துவிடும். கேமில் அது நடக்காது. 3.5 மி.மீ. துளையும் இல்லாத செட் என்பதால் தப்ப வழியும் இல்லை.

செவிச்செல்வம்:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி முழுதாக மறுபடி சோதித்துவிட்டேன். வெளியிடப்போகும் மதிப்பீட்டின் சாரத்தை இங்கேயே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

என் காதில், கண்ணாடியும் தோடும் இல்லாமல், ‘தொம்’ சோதனையில் மாற்றம் மிகக் குறைவு. கழற்றிக் கழற்றி மாட்டியும் அப்படியேதான். அக்காவுக்குத் தோட்டைக் கழற்றியதும் பேஸ் பாதி திரும்பியது. கண்ணாடியையும் கழற்றியபோது நான் கேட்ட அளவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. “இதுதான் நீ சொன்ன பேஸா?” என்றார். அதாவது டியூனிங்கில் குறை இல்லை. கண்ணாடியோடு அக்காவுக்கு இது உட்காரவில்லை. கண்ணாடி இல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது, ஆகவே அவருக்கு இது ஆகாது என்று தெளிவாக எழுதுகிறேன்.

தம்புராவின் மினுக்கம் தெரிகிறது, ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது லேசாகக் குத்துகிறது, ஈக்யூவில் அந்தப் பகுதியை 3 டெசிபல் இறக்கியதும் சரியானது. கப்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாலும் குத்தல் குறைகிறது. எந்த நிலையில் கேட்டேன் என்று படம் போடுகிறேன்.

பஸ்ஸில் முடிவு நன்றாக இல்லை. அறையில் 16 படியில் 6 போதுமாக இருந்தது, பஸ்ஸில் கையே 10-க்குப் போய்விட்டது. ஒலிமானி சொன்ன கணக்கையும் சேர்த்து, தினமும் பயணத்தில் கேட்பவர்கள் இதை எடுக்க வேண்டாம் என்று மேலேயே எழுதிவிடுகிறேன். வீட்டில், அலுவலகத்தில், யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்கிற இடத்தில் இது நல்ல செட்.

ஒலிமானி:

நன்றாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் சேருங்கள். அந்த 6-லிருந்து 10 என்பது உங்கள் ஃபோனின் படிகள். ஃபோனுக்கு ஃபோன் படி மாறும், அதனால் டெசிபல் காட்டும் வசதி இருந்தால் அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.

செவிச்செல்வம்:

என் ஃபோனில் அது இல்லை. அக்காவின் ஃபோனில் இருக்கிறது, அதில் இணைத்து நாளைக்கு அதே வழித்தடத்தில் போய்ப் பார்த்துவிட்டு எண்களைச் சேர்த்து வெளியிடுகிறேன்.